பெயர் தெரியாத கண்ணாடித் துண்டுகள்

போன மாதம் அனூப் போன் செய்தான். நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது நான் இருந்த அறைக்குப் பொறுப்பு அவன்தான். புது மெஷின் வந்துவிட்டதாம். சாம்பிள்களைத் தட்டில் அடுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாமாம். திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் அளந்து, படமும் போட்டு வைத்திருக்குமாம். "இத்தனை வருஷம் இதையெல்லாம் மேடம் எப்படி ஒத்தைக்குச் செஞ்சீங்க?" என்று அவனுக்குத் தெரிந்த தமிழில் கேட்டான். நிலையத்தின் மலருக்கு அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரவும் சொன்னான்.

மலர் ஆங்கிலத்தில் வரும். அதற்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன், யாருக்கும் வலிக்காமல், யாருக்கும் உபயோகமில்லாமல். மீதியைத் தமிழில் எழுதுகிறேன். அனூப்புக்குப் பேச வருகிற தமிழ் வாசிக்க வராது. அதில் எனக்கு ஒரு தைரியம்.

என் பெயர் கோமதி. திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் பிறந்தேன், அதே வீட்டில் இப்போது தனியாக இருக்கிறேன். கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன், எதுவும் பொய்யில்லை. இயற்பியலில் பட்டம் வாங்கிய கையோடு டெக்னிக்கல் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் பம்புகளுக்கு எண்ணெய் மாற்றுவதிலும், அடுப்புகளின் சூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதிலும், பெரியவர்கள் கேட்ட ஸ்பானரை எடுத்து நீட்டுவதிலும் போயின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு கோசி சார் என்னைத் தன் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கோசி சார் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்க உதவும் சாயங்களை ஆராய்ந்தவர். அவர் வேலையைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. டைட்டானியம் ஆக்ஸைடு என்று ஒரு வெள்ளைப் பொடி உண்டு. சுவர் பெயின்டிலும் பற்பசையிலும் இருப்பதுதான். அது ஒரு குறைகடத்தி. அதைக் களிம்பாகக் குழைத்துக் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிசாக இழுத்து அடுப்பில் சுட்டால், நுண்துளைகள் நிறைந்த வெள்ளைப் படலமாகிவிடும். அதைச் சாயக் கரைசலில் ஊறப்போட்டால் சாய மூலக்கூறுகள் அதன் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத மிச்சத்தைக் கழுவி விடுவார்கள்.

இப்படி ஒட்டுகிற மூலக்கூறுக்குத் தலை, கால் என்று இரண்டு முனை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் நேர் மின்னூட்டம், மறுமுனையில் எதிர் மின்னூட்டம். ஒன்றிரண்டு மூலக்கூறு நின்றால் யாருக்கும் தெரியாது. கோடானுகோடி மூலக்கூறுகள் ஒரே பக்கம் தலையை வைத்து நின்றால் அந்தப் படலத்தின் மேற்பரப்பு மின்னழுத்தமே மாறிவிடும். காலூன்றி நின்றால் ஒரு பக்கம் போகும், தலைகீழாக நின்றால் மறுபக்கம் போகும். வெறும் படலத்தின் அளவைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, நாங்கள் அதை ஏறிற்று, இறங்கிற்று என்று சொல்வோம். வெயில் பட்டதும் சாயத்திலிருந்து எலெக்ட்ரான் படலத்துக்குள் தாராளமாகப் போகுமா, தயங்குமா என்பது இதைப் பொறுத்தது. ஏறிற்றா, இறங்கிற்றா, எவ்வளவு என்று அளந்து சொல்வதுதான் என் வேலை.

அளக்கும் கருவிக்கு புரோப் என்று பெயர். அதில் ஒரு சின்னத் தங்கத் தகடு, படலத்தைத் தொடாமல், முடியளவு இடைவெளி விட்டு நடுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மேற்பரப்பின் மின்னழுத்தத்தை அதை மட்டும் வைத்து அளக்க முடியாது. இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்லலாம். எங்களுக்கு அந்த இன்னொன்று தங்கம். அதன் மேல் ஒரு மூச்சு பட்டாலும் அன்றைய அளவுகள் எல்லாம் வீண்.

அதனால் எனக்கு ஏகப்பட்ட நியமங்கள். நைலக்ஸ், பாலியஸ்டர் கூடாது, உராய்ந்து மின்னூட்டம் சேரும். பருத்திப் புடவைதான். பவுடர் கூடாது, பூ கூடாது, தலைக்குத் தேங்காய் எண்ணெய் கூடாது. திருவனந்தபுரத்தில் தலைக்கு எண்ணெய் வைக்காத பெண்ணை என்னவென்று நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. "தலை பட்டினி கிடக்கறதுடி" என்று அம்மா கடைசிவரை புலம்பினாள். காலையில் போனதும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷினிலிருந்து வாளித் தண்ணீரை எடுத்துக் கொட்டுவேன். மழைக்காலத்தில் வாளி நிரம்பி வழிந்திருக்கும். பிறகு ஒரு அலுமினியத் துண்டையும் ஒரு தங்கத் துண்டையும் வைத்துப் பார்ப்பேன். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னால் வேலையைத் தொடங்கலாம். மின்விசிறி ஓடக்கூடாது. அறையில் இன்னொரு ஆள் இருக்கக்கூடாது, ஆள் அசைந்தால் எண்ணும் அசையும். சாம்பிளை இடுக்கியால் எடுத்து இரும்புப் பெட்டிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, விளக்கை அணைப்பேன். அப்புறம் நானும் திரையில் மினுங்குகிற ஒரு எண்ணும்தான்.

அந்த எண் உடனே நிற்காது. சாம்பிளை வைக்கும்போது பட்ட வெளிச்சத்தைப் படலம் லேசில் மறக்காது. இருட்டில் போட்டபிறகு மெல்ல மெல்ல இறங்கியோ ஏறியோ வந்து, ஓரிடத்தில் நிற்கும். சிலது சுருக்க நிற்கும், சிலது மத்தியானம் வரை இழுக்கும். நடுவில் எங்காவது இளைப்பாறுவதுபோல் நின்றுவிட்டு மறுபடி நகர்வதும் உண்டு. உண்மையாக நின்றுவிட்டதா, இளைப்பாறுகிறதா என்று தீர்மானிக்க வேண்டியவள் நான். "நின்னாச்சு" என்று நான் சொன்னால் நின்றாயிற்று. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கோசி சார் தினமும் காலையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சாம்பிள்களைத் தானே கொண்டுவருவார். ஒல்லி, அரைக்கை வெள்ளைச் சட்டை, செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார். வாசல்படியைத் தாண்டமாட்டார். அவர் மலையாளத்தில் பேசுவார், நான் என் வீட்டுத் தமிழில் பதில் சொல்வேன், இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சொர்ணம் எங்ஙன?" தங்கம் எப்படி இருக்கிறது என்று. என் உடம்பு எப்படி இருக்கிறது என்று அந்த மனிதர் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா போனபோது மட்டும் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்காரச் சொன்னதற்கு உட்காராமல் நின்றுகொண்டே, "சொர்ணம் ஞான் நோக்கிக்கோளாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதைவிட ஆறுதலாக அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. என் உத்தியோக வாழ்க்கையை ஆண்டது அதுதான். டப்பாவில் இருக்கும் துண்டுகள் யாருடையவை, எது சாயம் ஏற்றியது, எது வெறும் படலம், ஏறவேண்டுமா இறங்கவேண்டுமா, எதுவும் எனக்குச் சொல்லப்படாது. பின்புறம் ஒரு எண் இருக்கும், அவ்வளவே. நான் ஆர்வத்தில் ஏதாவது கேட்டால், "கோமதி அது அறியண்ட" என்பார். நீ அதை அறியவேண்டாம். கோபமாகச் சொல்லமாட்டார். குழந்தையிடமிருந்து கத்தியை வாங்கி வைக்கிற மாதிரி சொல்வார். இளம் வயதில் அவர் தன் சாம்பிள்களைத் தானே அளந்து, தான் ஆசைப்பட்ட விடையையே கண்டு, அது தப்பென்று பிற்பாடு ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டி வந்ததாம். ஆசை இருக்கிற கண் இளைப்பாறுகிற எண்ணை நின்ற எண் என்று நம்பிவிடும் என்றார். ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார்.

அந்த வழக்கம் அறைக்குள் இருந்தவரை பரவாயில்லை. அது கான்டீனுக்கும் வந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் சாப்பாட்டு மேசையில் சாம்பிளைத் தவிர வேறென்ன பேசுவார்கள்? நான் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். பிறகு யாராவது மீன் விலையைப் பற்றி ஆரம்பிப்பார்கள். மீன் சாப்பிடாத எனக்கு நெத்திலி என்ன விலை, சாளை என்ன விலை என்று பருவத்துக்குப் பருவம் அத்துப்படி. கொஞ்ச நாளில் எனக்கே அவர்களைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை இருந்தது, அதற்கு மாறிக்கொண்டேன். காலையில் இருட்டறை, மத்தியானம் அந்த மேசை, சாயங்காலம் வீட்டுப் பூட்டு. அம்மாவும் போனபிறகு, சில நாட்களில் "சொர்ணம் நன்னா இருக்கு சார்" என்பது மட்டுமே நான் வாய்திறந்து பேசிய வார்த்தையாக இருக்கும். எனக்குத் தனிமை பிடிக்கும் என்று நிலையத்தில் ஒரு பேர் இருந்தது. பிடிக்காது.

அந்தச் சமயத்தில்தான் ஷைனி வந்தாள். கோசி சாரிடம் பி.எச்.டி. செய்துகொண்டிருந்த பெண். கன்னியாகுமரிப் பக்கம் சொந்த ஊர், அப்பா கொத்தனார், விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்காகக் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டவர். ஷைனி நகரத்தின் மறுகோடியில், கழக்கூட்டம் என்ற இடத்தில், சாஃப்ட்வேர் பெண்களோடு ஹாஸ்டலில் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"மேடம், இங்க இருக்கட்டா? மீன் கொண்டுவந்திருக்கேன். மணம் ஆவாதுன்னா சொல்லுங்க, போயிருவேன்."

"உக்காரு. மீன் வெலை மட்டும் சொல்லாதே."

சிரித்துவிட்டாள். அவளுக்கும் காரணம் தெரிந்திருக்கிறது. "நான் சாம்பிளப் பத்தி ஒண்ணும் மிண்டமாட்டேன். தமிழ் பேச ஆள் இல்லக்கா. எனக்க தம்பிக்கே மலையாளந்தான் வாயில வருது" என்றாள். அந்த நிமிஷமே மேடம் அக்காவாகிவிட்டது.

சொன்னபடி நடந்துகொண்டாள். வருஷக்கணக்கில் தினமும் சேர்ந்து சாப்பிட்டோம், சாம்பிள் என்ற வார்த்தை எங்கள் மேசையில் விழுந்ததில்லை. ஹாஸ்டல் பெண்கள் குளியலறையில் போடும் சண்டை, என் தெருவில் கோயில் குருக்களோடு சண்டை போடும் அடுத்த வீட்டு மாமி, அவள் அப்பாவின் பீடி, என் அம்மாவின் கோபம். என் வத்தக்குழம்பை எடுத்துப் போட்டுக்கொள்வாள். தன் பாத்திரம் என் பாத்திரத்தில் பட்டுவிடாமல் தள்ளி வைத்துக்கொள்வாள், நான் சொல்லாமலேயே. பன்னிரண்டு மணிக்கே எனக்குப் பசிக்க ஆரம்பித்தது. அதுவரை பசி என்று ஒன்று எனக்கு நேரத்துக்கு வந்ததாக ஞாபகமில்லை.

அவளுடைய கடைசி வருஷம். உதவித்தொகை முடிகிற சமயம். வெளிநாட்டில் ஒரு இடம் கிடைத்திருந்தது, ஆய்வேட்டைக் குறித்த காலத்துக்குள் கொடுத்தால்தான் அது நிலைக்கும். அந்த வருஷ மழைக்கு முன்னால் அவள் அப்பா சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுக் கிடந்தார். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"எக்கா, இந்தத் தடவ இறங்கணும். எனக்க சாயம் இறங்கும்னு வச்சாக்கும் மூணு அத்தியாயம் எழுதியிருக்கேன். இறங்கலன்னா எல்லாத்தையும் மாத்தணும், அதுக்கு நேரமில்ல. நான் போகலன்னா அப்பா மறுபடி சாரத்துல ஏறுவாரு. அதாக்கும் எனக்குப் பயம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னை மறந்து, இன்னொன்றும் சொன்னாள். "கண்ணாடிய அறுக்கும்போ ஒண்ணுக்க மூல ஒடைஞ்சுபோச்சு. அதயும் சேத்துக் குடுத்திட்டேன்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நானும் கேட்காததுபோல மோரை ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் டப்பாவில் மூன்றாவது துண்டுக்கு ஒரு மூலை இல்லை.

வைத்தேன், சாத்தினேன், விளக்கை அணைத்தேன். எண் நன்றாகக் கீழே இருந்தது. எனக்கு மனசு குளிர்ந்தது. கொஞ்சம் ஏறி, பிறகு நின்றது. இன்னமும் கீழேதான். அங்கேயே இருந்தது, அசையவில்லை. வேறு யாருடைய துண்டாக இருந்தாலும் நான் இதற்குள் "நின்னாச்சு" என்று சொல்லியிருப்பேனா? அதுதான் எனக்குத் தெரியவில்லை. இறங்க வேண்டும் என்ற ஆசையில் நிறுத்திவிடுவேனோ என்று பயந்து, இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்திருந்தேன். எண் மறுபடி ஏற ஆரம்பித்தது. பூஜ்யத்தைக் கடந்தது. மேலே போய் நின்றது. இப்போது வேறொரு பயம் வந்தது. அவளுக்குச் சாதகம் செய்துவிடக் கூடாது என்ற வீம்பில், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி இழுத்துவிட்டேனோ? இத்தனை வருஷத்தில் என் கை அப்படித் தடுமாறியதில்லை. விளக்கைப் போட்டுவிட்டு அந்த உடைந்த மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

அப்படியே எழுந்து கோசி சார் அறைக்குப் போனேன்.

"சார், மூணாவது துண்டு யாரோடதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்கே நிறுத்தணும்னு தெரியலை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஊணு ஒண்ணிச்சாணு, அல்லே?" என்றார். சேர்ந்துதானே சாப்பிடுகிறீர்கள்?

"ஆமாம் சார். தினமும்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். நீ இறங்கிற்று என்று சொன்னாலும் இனி நான் நம்ப முடியாது, ஏறிற்று என்று சொன்னாலும் நம்ப முடியாது. நஷ்டம் உனக்குமில்லை, எனக்குமில்லை, அந்தப் பெண்ணுக்குத்தான். வேறொரு பையனை வைத்துப் புதிதாகக் கண்ணாடி அறுத்து, சாயம் ஏற்றி, மற்றவர்கள் சாம்பிள்களோடும் வெறும் படலங்களோடும் கலந்து அனுப்புகிறேன். எப்போது வருகிறது என்றுகூட உனக்குத் தெரியாது. அவள் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு முடிகிறவரை நீங்கள் இரண்டு பேரும் பேசக்கூடாது. கான்டீனில் மட்டுமல்ல, எங்கேயும்.

"அவகிட்ட என்ன சொல்லுவேள் சார்?"

"அது கோமதி அறியண்ட."

மறுநாள் ஷைனி பெரிய மேசையில் போய் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவள் வாய்தவறிச் சொன்னதை நான் போய்க் கோள் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. இல்லை என்று சொல்ல வழியில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் யாராவது ஒருவர் படியில் இறங்கிவிடுவோம். அந்த வருஷ மழை தொடங்கி அடுத்த மாம்பழக் காலம் வரை அப்படியே போயிற்று. அம்மா செத்தபோதுகூட வீடு எனக்கு அவ்வளவு காலியாக இருந்ததில்லை என்று சொன்னால் அம்மா கோபித்துக்கொள்வாள். ஆனால் அப்படித்தான் இருந்தது.

சாம்பிள்கள் வந்தன. எல்லாத் துண்டுக்கும் நாலு மூலையும் சரியாக இருந்தது. எது யாருடையது என்று எந்த அடையாளமும் இல்லை. ஒன்றை வைப்பேன், விளக்கை அணைப்பேன், இது அவளுடையதாக இருக்கும் என்று தோன்றும். இறங்கு, இறங்கு என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். சிலது இறங்கும், சந்தோஷமாக இருக்கும். சிலது ஏறும். சிலது பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும், அது வெறும் படலமாக இருக்கும். கை இப்போது தடுமாறவில்லை. எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டேன், அதனால் எதற்கும் தனியாகச் சாதகம் செய்ய முடியவில்லை. ஒருநாள் கோசி சார் வாசலில் நின்று "மதி" என்றார். போதும் என்று. டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். அவள் சாயம் ஏறிற்றா இறங்கிற்றா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியுமே.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஷைனி மெலிந்திருந்தாள். அவள் திரையில் காட்டிய முதல் வரைபடத்திலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஏறியிருந்தது. அவளுடையது ஒன்றுகூட இறங்கவில்லை.

ஆனால் அவள் அழவில்லை. ஏறியதை வைத்துக்கொண்டு அந்த மூன்று அத்தியாயங்களையும் மாற்றி எழுதியிருந்தாள். சாய மூலக்கூறு எந்த முனையால் படலத்தைப் பிடித்திருக்கிறது என்று அவள் நினைத்தாளோ அந்த முனையால் அது பிடிக்கவே இல்லை. சும்மா அலங்காரத்துக்கு இருப்பதாக எல்லோரும் நினைத்த மறுமுனையால் பிடித்துக்கொண்டு தலைகீழாக நின்றிருக்கிறது. அதை வேறு இரண்டு வழியில் சோதித்தும் காட்டினாள். அதற்கு ஆன தாமதத்தில் வெளிநாட்டு இடம் கைவிட்டுப் போயிருந்தது. வடக்கே ஒரு ஊரில் வேறொன்று கிடைத்திருந்தது. அதுவும் சம்பளம்தான், அப்பா சாரத்தில் ஏற வேண்டாம்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் விடாக்கண்டர். "கதை ரொம்ப அழகாக இருக்கிறது. அழகாக இருந்தாலே எனக்குச் சந்தேகம். இது எல்லாம் எண் எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது. அதைச் சொன்னவர் உங்களுக்காக ஒரு பக்கம் சாயவில்லை என்று எப்படி நம்புவது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஷைனி கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். பிறகு ஆங்கிலத்திலேயே சொன்னாள். "அளந்தவர் என் சிநேகிதி. இறங்க வேண்டும் என்று நான் அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதனால் ஏறினால் அவருக்கு வருத்தம்தான். அன்றிலிருந்து இந்த நிமிஷம் வரை நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தக் கண்ணாடி என்னுடையது என்று அவருக்கு இன்னமும் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தேர்வாளர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. "அடுத்த கேள்விக்குப் போகலாம்" என்றார். நாங்கள் பேசாமல் இருந்த அத்தனை நாளும் அங்கே ஒரு சாட்சியாகச் செலவழிந்துவிட்டது. நல்ல காரியத்துக்குத்தான் செலவழிந்தது.

தேர்வு முடிந்ததும் லட்டும் நேந்திரங்காய் வறுவலும் கொடுத்தார்கள். கோசி சார் தட்டோடு என்னைக் கடந்து போகும்போது நிற்காமல், "இனி ஒண்ணிச்சு ஊணு கழிக்காம்" என்றார். இனி சேர்ந்து சாப்பிடலாம்.

கான்டீனில் சாப்பாடு முடிந்துவிட்டிருந்தது. டீயை வாங்கிக்கொண்டு அந்தச் சின்ன மேசையில் உட்கார்ந்தோம்.

"எக்கா, நீங்க என்னப் பத்தி சார்கிட்ட சொல்லிக்குடுத்திட்டியன்னு நெனச்சேன். ஒரு மாசம் நெனச்சேன்."

"சொன்னேன்டி. என்னைப் பத்திச் சொன்னேன்."

"பொறவு சாரே ஒருநாள் சொன்னாரு. ஓடிவந்து உங்களக் கெட்டிப்பிடிக்கணும் போல இருந்துது, பிடிக்கக்கூடாதே." டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அந்தத் துண்டுகள்ள எது எனக்கதுன்னு நெனச்சிய?"

"எல்லாமே உன்னோடதுதான்னு நெனச்சேன்."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். நல்ல எண்ணெய்த் தலை. என் கையெல்லாம் எண்ணெயாகிவிட்டது, கழுவத் தோன்றவில்லை. அந்த வாரக் கடைசியில் ரயிலேறிவிட்டாள். இப்போதும் கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வாள். அவள் பிள்ளைகளுக்கு இந்திதான் வாயில் வருகிறது.

அவள் போன மறு திங்கட்கிழமை புதுச் சாம்பிள்கள் வந்தன. முதல் துண்டை வைத்து, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தேன். யாருடையது, எந்தச் சாயம், ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா, எதுவும் வழக்கம்போல எனக்குத் தெரியாது. ஷைனியுடையது இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அந்த ஒன்று தெரிந்தபிறகு திரையைப் பார்க்க மனசே வரவில்லை. ஆனாலும் எண் நிற்கிறவரை உட்கார்ந்திருந்தேன்.